எண்ணா, எழுத்தா? கம்ப்யூட்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்

ஒரு பொருளின் விலை 500 ரூபாய். அதை அனுப்ப கூரியர் கட்டணம் 40 ரூபாய். மொத்தம் எவ்வளவு? பள்ளிக் குழந்தை கூட 540 என்று சொல்லிவிடும். ஆனால், புதிதாக புரோகிராம் எழுதப் பழகுபவரின் கம்ப்யூட்டர் 50040 என்று காட்டுவது உண்டு. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா? வைரஸ் புகுந்துவிட்டதா? இரண்டும் இல்லை. நாம் சொன்னதைத்தான் அது செய்திருக்கிறது. இது ஏன் ஏற்படுகிறது, எப்படித் தவிர்ப்பது என்று இங்கே பார்க்கலாம்.

இரண்டு வகை ஐந்து

நம் கண்ணுக்கு 5 என்பது ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டு வகை ஐந்து உண்டு. கணக்குப் போடுவதற்கான 5 ஒன்று. இது 101 என பைனரி எண்ணாக மெமரியில் இருக்கும். இன்னொன்று "5" என்ற எழுத்து. "அ", "ஆ" போல இதுவும் திரையில் வரையப்படும் ஒரு வடிவம்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண் தரப்பட்டுள்ளது. ஆஸ்கி பட்டியலில் "5" என்ற எழுத்தின் குறியீடு 53. யூனிகோடிலும் இதுவே.

இப்படி எழுத்துகளைக் கோத்து வைத்திருப்பதை ஸ்ட்ரிங் என்கிறோம். பெரும்பாலான புரோகிராம் மொழிகளில் ஸ்ட்ரிங்கை மேற்கோள் குறிகளுக்குள் தர வேண்டும். எண்ணுக்கு மேற்கோள் குறி கிடையாது. ஆக 500 என்பது எண். "500" என்பது ஸ்ட்ரிங்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்கென எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரைத் திறந்து எப்12 கீயை அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எப்.என். கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். கிடைக்கும் பகுதியில் கன்சோல் என்ற டேபில் கிளிக் செய்யுங்கள். இங்கே ஜாவாஸ்கிரிப்ட் மொழிக் கட்டளைகளை நேரடியாகத் தரலாம். கீழ்க்காணும் ஒவ்வொரு வரியையும் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

500 + 40
விடை: 540

"500" + 40
விடை: "50040"

"500" - 40
விடை: 460

"500" * 2
விடை: 1000

இரண்டாவது வரியில் மட்டும் ஏன் இந்தக் குழப்பம்? கூட்டல் குறிக்கு இரண்டு வேலைகள் உண்டு. எண்களைக் கூட்டும், ஸ்ட்ரிங்குகளை ஒட்டும். ஏதாவது ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் மறுபக்கத்து எண்ணையும் ஸ்ட்ரிங்காக மாற்றி இரண்டையும் ஒட்டிவிடுகிறது. கழித்தலுக்கும் பெருக்கலுக்கும் ஒட்டும் வேலை இல்லை. எனவே ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றிக் கணக்குப் போட்டுவிடுகிறது.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. உங்கள் பில் புரோகிராமில் 40 ரூபாய் தள்ளுபடியைச் சோதித்தால் 460 என்று சரியாக வரும். புரோகிராம் சரியாக உள்ளது என்று நம்பிவிடுவீர்கள். கூரியர் கட்டணம் சேரும் முதல் பில்லில்தான் வாடிக்கையாளரிடம் ஐம்பதாயிரத்து நாற்பது ரூபாய் கேட்கும்.

பைத்தான் என்ன செய்யும்?

பைத்தான் மொழியில் "500" + 40 என்று தந்தால், டைப் எரர் என்று சொல்லி புரோகிராம் நின்றுவிடும். சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். "இவை இரண்டும் வேறு வேறு வகை, என்ன செய்யட்டும்?" என்று அது உங்களைக் கேட்கிறது. தவறான விடையைத் தந்துவிட்டு அமைதியாக இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால், பைத்தானையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். "500" * 2 என்று தந்து பாருங்கள். எரர் வராது. '500500' என்று வரும். ஸ்ட்ரிங்கை எண்ணால் பெருக்கினால், அதை அத்தனை முறை திரும்ப எழுதுவது பைத்தானின் வழக்கம்.

ஸ்ட்ரிங் எங்கிருந்து வருகிறது? நாம்தான் மேற்கோள் குறி இடவில்லையே என்று கேட்கலாம். கீபோர்டில் டைப் செய்வது எல்லாமே எழுத்துகள்தான். பைத்தான் 3-ல் இன்புட் கட்டளை மூலம் பெறுவது எப்போதும் ஸ்ட்ரிங்காகவே வரும். இணையப் பக்கப் படிவத்தின் கட்டத்தில் நிரப்புவதும் சாதாரணமாக ஸ்ட்ரிங்காகவே புரோகிராமுக்குக் கிடைக்கும்.

மாற்றுவது எப்படி?

வந்த உடனேயே மாற்றிவிடுங்கள். பைத்தானில் முழு எண்ணுக்கு இன்ட், தசம எண்ணுக்கு ப்ளோட் ஆகிய கட்டளைகள் உள்ளன. ஜாவாஸ்கிரிப்டில் நம்பர் என்ற கட்டளை உண்டு. (டைப் செய்கையில் இவற்றை ஆங்கில எழுத்துகளில் தர வேண்டும். முதல் இரண்டும் முழுதும் சிறிய எழுத்துகள். நம்பர் கட்டளைக்கு முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து.) இன்ட்("500") + 40 என்றால் 540 கிடைக்கும்.

நம் ஊர் வழக்கப்படி 1,25,000 என்று கமா போட்டு ஒருவர் டைப் செய்தால்? பைத்தான் எரர் காட்டும். ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் கட்டளை, இது எண் அல்ல என்ற பொருளில் விடை தரும். ஆனால், பார்ஸ்இன்ட் என்ற வேறொரு கட்டளை கமா வரை மட்டும் படித்து, 1 என்று தந்துவிடும். ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகிவிடும்! எனவே கமாவை நீக்கிவிட்டே மாற்றுங்கள்.

எதை எண்ணாக வைக்கக் கூடாது?

எல்லாவற்றையும் எண்ணாக மாற்றுவதும் தவறு. இதைக் கூட்டவோ பெருக்கவோ போகிறோமா என்று கேட்டுப் பாருங்கள். விலை, மதிப்பெண், எடை ஆகியவற்றுக்கு ஆம், இவை எண்கள். தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றுக்கு இல்லை. பெயரில் எண் என்று இருந்தாலும் இவை ஸ்ட்ரிங்குகளே.

எக்ஸெலில் சென்னையின் எஸ்.டி.டி. கோடான 044 என டைப் செய்தால், அது 44 ஆகிவிடும். எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக் கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணைத் தந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அந்த எண்ணுக்குப் பணம் அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டைப் செய்யும் முன்பே செல்லின் பார்மட்டை டெக்ஸ்ட் என மாற்றிவிடுங்கள். அல்லது முதலில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டு, பிறகு எண்ணை டைப் செய்யுங்கள்.

விஞ்ஞானிகளும் இதில் சிக்கியுள்ளனர். மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதிகளாக மாற்றிவிட்டது. எக்ஸெல் பைலில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததாக, 2016-ல் ஜீனோம் பயாலஜி இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பெயர்களை முடிவு செய்யும் சர்வதேசக் குழு, 2020-ல் இதற்கான புதிய விதிமுறைகளை வெளியிட்டது; இத்தகைய மரபணுக்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாப்ட் 2023-ல்தான் எக்ஸெலில் தந்தது.

ஒரு பயிற்சி

கன்சோலில் 9 > 10 என்று தாருங்கள். தவறு என்று பொருள்படும் பால்ஸ் என வரும். அடுத்து "9" > "10" என்று தாருங்கள். சரி என்று பொருள்படும் ட்ரூ என வரும். ஸ்ட்ரிங்குகளை, அகராதியில் சொற்களைப் போல, முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுகிறது கம்ப்யூட்டர். 9-க்கு முன்னால் 1 வருவதால், அதற்கு "10" சிறியது. உங்கள் புரோகிராமில் மதிப்பெண்கள் ஸ்ட்ரிங்காக இருந்தால், 100 வாங்கிய மாணவர் 99 வாங்கியவருக்குப் பின்னால் போய்விடுவார். எப்படிச் சரி செய்வது? இதுவரை படித்ததைக் கொண்டு நீங்களே முயற்சி செய்து பாருங்கள்.