பகல் முழுக்க அந்தத் தெருவில் யார் இருப்பார்கள்?

சென்னையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று. அடுத்தது வாடகை. பள்ளியில் சேர்க்கிற வயதில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக வருகிற வீட்டுக்கு இந்த இரண்டு கேள்வி போதவே போதாது. வேலைக்குப் போகிறவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்குத்தான் திரும்புவார். அந்த ஏரியாவில் உண்மையில் வாழப்போவது வீட்டில் இருக்கிறவரும் பிள்ளைகளும்தான். பால், மருந்து, பள்ளிக்கூடம், காய்ச்சல், மழை எல்லாமே அவர்கள் தலையில்தான் விடியும். அதனால், வீடு பார்க்கப் போகும்போது அவர்கள் கண்ணால் பாருங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

நாங்கள் மதுரையிலிருந்து 2022இல் வந்தோம். கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒரு வயது நிரம்பவில்லை. கூடவே மாமியார். கிண்டி, ஆலந்தூர், சைதாப்பேட்டைப் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு இருபதாயிரத்துக்குக் கீழே படியவில்லை. அந்த வாடகையைக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் விழிபிதுங்குவதைவிட, ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு தெற்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தோம். கடைசியில் அமைந்தது கூடுவாஞ்சேரி. அங்கிருந்து கிண்டிக்கு மின்ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம்.

ரயில் பாதை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸிலோ பைக்கிலோ போனால், பெருங்களத்தூர் எப்போது கழியும், பல்லாவரம் எப்போது வரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின நாட்களில் கேட்கவே வேண்டாம். மின்ரயில் அப்படியில்லை, பெரும்பாலும் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் அந்த ஒரு மாதச் செலவு, பைக்குக்கு ஒரு வாரம் பெட்ரோல் போடக்கூடக் காணாது.

ஆனால் ஒரு விஷயம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931இலிருந்தே மின்ரயில் ஓடுகிறது. இன்றைக்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் தாம்பரத்தோடு திரும்பிவிடும். செங்கல்பட்டு வரை போவது குறைவு. தாம்பரத்தைத் தாண்டியதும் வாடகை இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே காலை நேர வண்டிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். காலையில் எப்படியும் போய்விடலாம். ராத்திரி ஏழரைக்கும் பத்துக்கும் நடுவே நீங்கள் பார்க்கும் ஸ்டேஷனில் எத்தனை வண்டி நிற்கிறது என்று அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை வைத்துத்தான், அப்பா வரும்போது பிள்ளை முழித்திருக்குமா தூங்கியிருக்குமா என்பது முடிவாகும். எங்கள் வீட்டில் இதை ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டோம். மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பதற்காக மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் வரை போகாமல் நின்றதும் இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை தனி. பராமரிப்பு வேலை என்று சில ஞாயிறுகளில் வண்டிகளை ரத்தும் செய்வார்கள். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நகரத்துக்குள் போக நினைப்பவர்கள் அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை எங்கே என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை என்றால் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் பார்ப்பதுதான் சரி. சோழிங்கநல்லூர், சிறுசேரி என்றால் ரயிலை நம்பிப் பயனில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் சேருகிறவர்கள், வீடு தேடுவதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ் எந்தெந்த இடத்தில் ஆள் ஏற்றுகிறது என்று கேட்டுவிடுங்கள். அந்த நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு பிடித்தால் போக்குவரத்துக் கவலை அத்தோடு தீர்ந்தது.

புரோக்கர்கள் சொல்லும் "ஸ்டேஷன் அஞ்சே நிமிஷம் மேடம்" என்ற வார்த்தையைக் காலால்தான் அளக்க வேண்டும். அவர் சொல்வது பைக்கில், வெயிலில்லாத நேரத்தில், ரயில்வே கேட் திறந்திருக்கும்போது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு என்றால், கடப்பதற்கு என்ன வழி என்று பாருங்கள். மேம்பாலமா, நடைபாலமா, சுரங்கப்பாதையா? சுரங்கப்பாதை என்றால் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று அங்கே கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். நான் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை நடந்து பார்த்தேன். குழந்தையோடு நடக்கும்போது தெரிவது தனியாக நடக்கையில் தெரியாது. நடைபாதை இல்லாத இடத்தில் லாரி எவ்வளவு உரசிக்கொண்டு போகிறது, தெருநாய்கள் எங்கே படுத்திருக்கின்றன, நிழல் எங்கே முடிகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அதே தெருவில் ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை நடந்தால் தெருவிளக்கின் லட்சணமும் தெரிந்துவிடும்.

எங்களுக்கு இரண்டு வீடுகள் கடைசிவரை போட்டியில் இருந்தன. ஒன்று ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, புது மனைப்பிரிவில், எட்டரை ஆயிரம். டைல்ஸ் பளபளவென்று, காற்றோட்டமாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. இன்னொன்று ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் கொஞ்சம் பழைய வீடு, பதினொன்றரை ஆயிரம். புது வீட்டுப் பக்கத்தில் குடியிருந்த அக்கா ஒருவர், கேட்காமலே வந்து சொன்னார்: "எட்டு மணிக்கு மேல இந்தப் பக்கம் ஆட்டோ வராதும்மா. பிள்ளைக்கு ஒண்ணுன்னா அவர் பைக்குல வர்றவரைக்கும் நீ வாசல்லயே நிக்கணும்." அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பெட்ரோல், ஸ்டேஷனில் வண்டி நிறுத்தும் காசு, மகளுக்கு ஸ்கூல் வேன், அவசரத்துக்கு ஆட்டோ எல்லாம் சேர்த்தால் அந்த மூவாயிரம் ரூபாய் வித்தியாசம் அப்படியே கரைந்துபோனது. பழைய வீட்டை எடுத்தோம். மாமியார் தனியாகக் கோயிலுக்குப் போய்வர முடிகிறது, நான் காய்கறி வாங்க யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை. இதற்கு விலை போட முடியுமா?

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தாம்பரத்துக்குத் தெற்கே பல தெருக்களில் போர் தண்ணீர்தான். "தண்ணிப் பிரச்சினையே கிடையாதும்மா" என்று வீட்டுக்காரர் சொல்வார். தண்ணீர் வரும் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். அது எப்படிப்பட்ட தண்ணீர் என்பதைக் குளியலறைக் குழாய் சொல்லும். குழாயின் வாயிலும் ஷவரின் துளைகளிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் உப்புத் தண்ணீர். துண்டு சோப்பை எடுத்துக்கொண்டுபோய் அந்தத் தண்ணீரில் கையை அலசிப் பாருங்கள். நுரை வராமல் கை பிசுபிசுத்தால் குழந்தையின் தோலும் தலைமுடியும் என்ன பாடுபடும் என்று புரிந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் என்றால் அது தனிச் செலவு, மாடி ஏற்றித் தருவார்களா என்பது தனிக் கேள்வி. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் கழிவுநீர்த் தொட்டியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை லாரி வைத்து இறைக்கிறார்கள், அதற்குப் பணம் யார் தருவது என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

மழையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாற்றின் போக்கில் இருக்கும் ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் பட்ட பாட்டைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரத்தில் மறுபடியும் வெள்ளம் புகுந்தது. அந்தப் பகுதிகளில் வாடகை குறைவாக இருக்கும். ஆனால் அங்கேயும் தெரு முழுக்க முங்குவதில்லை. பத்து வீடு தள்ளி மேட்டில் இருப்பவர்கள் தப்பித்துவிடுவார்கள். அந்த மேடு எது பள்ளம் எது என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

நான் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். மின்சார மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார்களா, மோட்டாரைத் தரையில் வைக்காமல் உயரமாகத் திண்டு கட்டி வைத்திருக்கிறார்களா, வாசற்படியில் புதிதாகத் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்களா என்று அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வீட்டில் இருந்தால் அது அவர்கள் விருப்பம். வரிசையாக எல்லா வீட்டிலும் இருந்தால் அந்தத் தெரு தண்ணீரைப் பார்த்த தெரு. அடுத்து, சாலை வீட்டைவிட உயர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனதில் பல வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. அங்கே சாதாரண மழைக்கே வாசலில் தண்ணீர் நிற்கும். தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார். ஒருவர் என்னை ஒரு சுற்றுச்சுவர் பக்கத்தில் கூட்டிப்போய், சுண்ணாம்புக்கு அடியில் இன்னும் தெரிகிற செம்மண் கோட்டைக் காட்டினார். என் இடுப்புயரம். அந்தத் தெருவில் வீடு பார்ப்பதை அத்தோடு நிறுத்திக்கொண்டோம். கைக்குழந்தை இருக்கும் வீடு முடிந்தால் முதல் மாடியில் இருப்பது நல்லது. படியேறும் சிரமம் பரவாயில்லை.

பிள்ளைகளுக்கான மருத்துவ வசதியைப் பார்க்கும்போது மூன்று தட்டாகப் பாருங்கள். நடந்துபோகிற தூரத்தில் மாலை நேரத்தில் உட்காரும் குழந்தை மருத்துவர் ஒருவர். அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று. அங்கே புதன்கிழமைகளில் தடுப்பூசி காசில்லாமல் போடுகிறார்கள், தனியாரில் அதற்கே ஆயிரக்கணக்கில் ஆகும். பெரிய விஷயம் என்றால் போகிற இடம் எது என்பது மூன்றாவது. எங்கள் பாதையில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு பக்கம், குரோம்பேட்டை அரசு மருத்துவமனை மறு பக்கம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக்கூட இதே ரயிலில் ஏறினால் மாறாமல் போய் இறங்கிவிடலாம். அவசரத்தில் 108 இருக்கிறது என்றாலும், இந்த வழிகள் தெரிந்திருந்தால் ஒரு தைரியம்.

பள்ளியைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கும், நான் அதற்குள் போகவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் என்பதால் வீட்டை ஏப்ரல், மே மாதங்களில் மாற்றிவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் முக்கியம். முகவரிச் சான்றும் அந்த ஏரியாவிலேயே இருக்க வேண்டும். சின்னவனை அங்கன்வாடிக்கு அனுப்பினேன். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே நாலு பிள்ளைகளோடு விளையாட்டும் சத்தான சாப்பாடும் கிடைக்கிற இடம் அது. அங்கே வந்த அம்மாக்கள்தான் எனக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதிகள்.

ஒப்பந்தம் போடும்போது இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். உங்கள் வீட்டுக்கென்று தனி மின் இணைப்பு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும், பில்லையும் நீங்களே கட்டலாம். துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகளில் வெயில் காலத்துப் பில் பயமுறுத்தும். இரண்டாவது அட்வான்ஸ். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரையில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றிருக்கிறது. ஐந்து மாதம், ஆறு மாதம் என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடாமல், "சார், சட்டப்படி மூணு மாசம்தானே, சின்னப் பிள்ளைகளோட வர்றோம்" என்று கணவர் பேசியதில் எங்களுக்கு நாலு மாதத்தில் முடிந்தது.

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டக்காரர்களுக்கு இந்தப் பக்கம் இன்னும் வசதி. மதுரைக்குப் போகக் கோயம்பேடு வரை மூட்டை முடிச்சோடு போக வேண்டிய அலைச்சல் இல்லை. அதே வேகத்தில் சுற்றுவட்டார வாடகையும் மனை விலையும் ஏறிக்கொண்டிருக்கின்றன. "இப்பவே ஒரு பிளாட்டை வாங்கிப் போடுங்க" என்று எங்களையும் நச்சரிக்காதவர் இல்லை. வாங்குகிற எண்ணம் இருப்பவர்கள் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒரு பருவமழையை அதே ஏரியாவில் வாடகை வீட்டில் இருந்து கழியுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வடிகிறது, எந்த டிரான்ஸ்பார்மர் முதலில் போகிறது என்பதெல்லாம் அந்த மூன்று மாதத்தில் கண்ணுக்கு நேரே தெரியும். பட்டா, வில்லங்கச் சான்று, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் எல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம். நாங்கள் இப்போது இரண்டு தெருக்களைக் குறித்து வைத்திருக்கிறோம். இரண்டுமே ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம், மேட்டுப் பக்கம். வரும் மழையையும் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவதாக இருக்கிறோம்.