ஞாயிறு அன்று ஊர் பார்ப்போம்

நாம் நீலசந்திராவில் வாழ்கிறோம். தினமும் வேலைக்காக நகரில் அலைகிறோம். ஆனால் நம் பெங்களூரைச் சுற்றிப் பார்த்திருக்கிறோமா? இது பழைய ஊர். 1537-இல் கெம்பே கௌடா இங்கே மண்கோட்டை கட்டினார்.

காலையில் லால்பாக் போவோம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் இது. அங்குள்ள பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள்! அதன்மேல் கெம்பே கௌடா கோபுரம் நிற்கிறது. பாறைமேல் ஏறினால் நகரம் தெரியும்.

அடுத்து, சிட்டி மார்க்கெட் அருகே உள்ள கோட்டைக்குப் போவோம். மண்கோட்டையை ஹைதர் அலி கல்கோட்டையாக மாற்றினார். 1791-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். பின்னர் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. இன்று சிறு பகுதியே மீதம்.

பக்கத்தில் திப்பு சுல்தானின் கோடை அரண்மனை. தூண்கள் எல்லாம் தேக்கு மரம். அதை ஒட்டியே கோட்டை வெங்கடரமணர் கோயில். அரண்மனையில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

பலகையில் உள்ள ஆண்டுகளை நாமே படிப்போம். பிள்ளைகளுக்கும் சொல்வோம். சுவரில் பெயரைக் கிறுக்க வேண்டாம். எழுத்து கற்றது அதற்காகவா?

பயிற்சி

1. லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியவர் யார்?
2. மண்கோட்டை கட்டி எத்தனை ஆண்டுகள் ஆயின? கணக்கிடுங்கள்.
3. நீங்கள் பார்த்த ஓர் இடம் பற்றி மூன்று வரி எழுதுங்கள்.