உதிரும் உரோமம்

விடுமுறை முடிந்து உடும்பஞ்சோலையிலிருந்து நான் திரும்பும்போதெல்லாம் விடுதி நண்பர்கள் என் சட்டையைப் பார்த்து நகைப்பது வழக்கம். சட்டையெங்கும் வெள்ளை உரோமம்! அது எங்கள் மணியின் கொடை. ஏலத்தோட்டத்து லயத்தில் எங்களோடு வாழும் மணி, 'பொமரேனியன்' என்று நம்மவர் அழைக்கும் இந்திய ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்த நாய்.

நண்பர்க்கு நகைப்பாயிருந்த செய்தி வீட்டில் வருத்தமாயிற்று. என் தாயார் ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்கும் வேலை செய்பவர். அவர் சேலையில் ஒட்டிச் சென்ற உரோமம் ஒரு நாள் காய்க் குவியலில் விழுந்துவிட்டது. "நாளைக்கும் காயில நாய் முடி கெடந்தா வேலைக்கு வர வேண்டாம்மா" என்று கங்காணி கண்டித்தார். நாயை எங்கேனும் விட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்செழுந்தது. நான் பதறிக் கத்தரிக்கோலை எடுத்தேன்; மணியின் முதுகைத் தோல் தெரியக் கத்தரித்தேன். விலங்கியல் பயிலும் நான் செய்த அப்பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

உரோமம் உதிர்வது ஏன்? ஒவ்வொரு மயிர்க்காலும் வளர்ச்சி, ஒடுக்கம், ஓய்வு என்னும் மூன்று நிலைகளைக் கடக்கின்றது. ஓய்வு முடிந்து புதியது முளைக்கும் பருவத்தில் பழையது விழுகின்றது. ஆகவே உதிர்தல் நோயன்று, தோலின் இயல்பு.

எங்கள் மலையடிவாரத்துக் கோம்பை நாய்க்கும் உரோமம் உதிர்கின்றது. ஆனால் அது குட்டையானது. அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. ஸ்பிட்ஸுக்கோ இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே நீண்ட காப்பு மயிர். அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். மிகுதியாக உதிர்வது இவ்வடியடுக்கே.

பகற்பொழுதின் நீளம் மாறுவதே உதிர்வுப் பருவத்தை அறிவிக்கும் முதன்மையான குறி. இலண்டனில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 16½ மணி. மிகக் குறுகியது 8 மணிக்கும் குறைவு. உடும்பஞ்சோலையிலோ இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணிக்குச் சற்றே மிகுதி. அங்குள்ள நாய் பருவத்தில் கொத்தாக உதிர்க்கும். நம் நாய் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்க்கும்.

அப்படியாயின் மழித்துவிட்டால் என்ன? கூடாது. இவ்வடுக்குகள் குளிரை மட்டுமன்றி வெயிலையும் தடுக்கின்றன. மேலும், ஸ்பிட்ஸ் போன்ற இனங்களில் கத்தரித்த இடத்து மயிர்க்கால்கள் நெடுநாள் ஓய்விலேயே தங்கிவிடுவதுண்டு. உரோமம் மீண்டும் வளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். திட்டுத்திட்டாக வளர்வதும் உண்டு.

உதிர்வதைத் தடுக்க இயலாது. விழுமுன் வாரி எடுக்க இயலும். அகன்ற பற்களுள்ள சீப்பால் நாள்தோறும் பத்து நிமிடம், வீட்டுக்கு வெளியே, அடியடுக்கு வரை வாருங்கள். காதின் பின்புறத்தையும் தொடையையும் மறவாதீர்கள். சிக்கு விழுவது அங்கேதான். உண்ணி இருப்பின் அப்போதே தெரியும். குளிப்பாட்டுமுன் வாருவது முறை. நனைந்த சிக்கு இறுகிவிடும். மனிதர் சோப்பு நாயின் தோலுக்கு ஏற்றதன்று. மழைக்காலத்தில் அடியடுக்கு வரை ஈரம் போகத் துவட்டாவிடின் தோல் புண்ணாகும்.

உணவும் கருதத்தக்கது. உரோமம் கெரட்டின் என்னும் புரதத்தாலானது. லயங்களில் நாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறுஞ்சோறு. வேகவைத்த முட்டையோ, உப்பில்லாமல் அவித்து முள் நீக்கிய மத்தியோ சேர்த்தால் நலம்.

வட்டமான சொட்டை, ஓயாத அரிப்பு, செந்தடிப்பு, உடலின் இருபுறமும் ஒத்த உதிர்வு ஆகியவை இயல்பல்ல. கால்நடை மருத்துவரிடம் காட்டுக. வட்டச் சொட்டை படர்தாமரையாயின் அது மனிதரையும் தொற்றும்.

இப்போது தம்பி நாள்தோறும் மாலையில் மணியை வாருகிறான். அம்மா வேலைச் சேலையைத் தனியே பெட்டியில் வைத்து, ஸ்டோருக்குச் சென்றபின் மாற்றிக் கொள்கிறார். கங்காணி பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மணியும் எங்களோடே இருக்கிறான். நான் கத்தரித்த முதுகில் மட்டும் உரோமம் இன்னும் நிறையவில்லை. நாய் வளர்க்க விரும்பும் நண்பர்கள், அழகைப் பார்க்குமுன் அதன் உரோமம் எத்தகையது, நாள்தோறும் பத்து நிமிடம் அதற்குத் தரத் தம்மால் இயலுமா என்று எண்ணிப் பார்ப்பார்களாக.