உறுதியில் அம்மாவுக்கும் ஓர் இடம்

வெருகல்

அன்பு மருமகனுக்கு,

நீ டோகாவிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்ததில் எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோசம். வீடு வளவை அவள் பெயருக்கு எழுத அம்மாவிடம் பேசிக் கையெழுத்து வாங்கித் தரச் சொல்கிறாய். எழுதத்தான் வேணும். எப்படி எழுதுவது என்பதில்தான் உன்னோடு எனக்குக் கொஞ்சம் கதை இருக்கிறது.

மட்டக்களப்பிலிருந்து நம் வெருகல் வரைக்கும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் அதே வளவில் ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். உன் அம்மம்மாவும் அப்படித்தான் ஒதுங்கினா. அவவை எழுப்பிவிட யாருக்கும் தேவை வரவில்லை. அந்த நாளில் சீதன வளவை விற்க யார் நினைத்தது? அக்கா தங்கச்சிமார் அடுத்தடுத்த வளவில் இருந்தார்கள், ஒருத்தி சோறு கொடுக்காவிட்டால் மற்றவள் கொடுப்பாள். இப்ப உறுதி என்பது வங்கியில் வைத்துக் காசு எடுக்கிற கடதாசி. மாப்பிள்ளை கெட்டவனாக இருக்கவேண்டியதில்லை. நல்ல பிள்ளையாகவே இருந்து, கடை போட என்று தங்கச்சியைக் கொண்டு வீட்டை ஈடு வைத்து, கடை படுத்தாலே போதும். கடன் கொடுத்தவன் வழக்குக்குப் போனால் நீதிமன்றம் உறுதியைத்தான் பார்க்கும்.

நான் காணிக் கிளையில் இருந்த காலத்தில் ஒரு வயதான அம்மா உறுதியை லெமினேட் பண்ணி எடுத்துக்கொண்டு வந்தா. வாசிக்கத் தெரியாது. “இதில நான் எங்க இருக்கிறன் எண்டு காட்டுங்க தம்பி” என்று மேசையில் வைத்தா. தேடினேன். நன்கொடை கொடுத்தவர் என்று அவவின் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, கிணறு, தென்னை எல்லாம் இருந்தன. அவ இருக்கவில்லை.

ஆகவே நொத்தாரிசிடம் ஒரு சொல் சொல்லு: சீவிய உரித்தை அம்மாவுக்கு ஒதுக்கி நன்கொடை உறுதி எழுதச் சொல்லு. சொத்து தங்கச்சியுடையது, அம்மா உயிரோடு இருக்கும் வரை அங்கே குடியிருக்கவும் அதன் பலனை அனுபவிக்கவும் உரிமை அம்மாவுடையது. உறுதி காணிப் பதிவகத்தில் பதிவானால், பிறகு வாங்க வருகிறவனும் ஈடு பிடிக்க வருகிறவனும் அதைத் தாண்டிப் போக முடியாது. வங்கியும் அம்மாவின் கையெழுத்தைக் கேட்கும். அப்படி யாராவது ஒரு கடதாசி நீட்டினால் உன்னைக் கேட்காமல் வைக்கவேண்டாம் என்று அவவிடம் இப்பவே சொல்லி வை. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தால் அதை என்னிடம் விடு. சீதனம் ஒரு சதமும் குறையவில்லை என்று நான் பேசிக்கொள்கிறேன்.

பிறகு சட்டம் இருக்கிறதுதானே என்று நீ கேட்பாய். இருக்கிறது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பிள்ளைகள் பெற்றாரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்கிறது. பராமரிப்புச் சபையில் முறையிடலாம். ஆனால் அங்கே கிடைப்பது பராமரிப்புக்கான பணம், கைவிட்டுப்போன வீடு இல்லை. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடையையும் மோசமான நன்றிகேட்டைக் காட்டி நீதிமன்றத்தில் இரத்துச் செய்விக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் கூண்டில் ஏறி நின்று என் மகள் நன்றிகெட்டவள் என்று சொல்லக்கூடிய தாயை வெருகலில் காட்டு பார்ப்போம்!

இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நம்முடையதை விட இலகு. பிள்ளை பார்க்காவிட்டால் தீர்ப்பாயமே எழுதிக்கொடுத்ததைச் செல்லாது என்று சொல்லலாம். அங்கேயும் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததைக் காட்டவேண்டும் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் தாயின் பக்கம் தாராளமாக நின்று நன்கொடையை இரத்துச் செய்தது. அந்தத் தாயிடமும் பிள்ளை எழுதிக்கொடுத்த ஒரு வாக்குறுதி இருந்தது.

வயல் வேறு கதை. அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்பாவுக்குக் கிடைத்த பெர்மிட் காணி. அதை நொத்தாரிசிடம் கொண்டுபோய் யாருக்கும் எழுத ஏலாது. அப்பா பின்னுரித்தாளராக யார் பெயரைக் கொடுத்திருந்தாலும், அவருக்குப் பின் அம்மாவின் காலம் வரை அதை ஆள்கிறவ அம்மாதான். பிரதேச செயலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று லீவில் வரும்போது பார். பெயரே இல்லாவிட்டால் மூத்த மகனுக்கு என்றிருந்த முறையை 2022 திருத்தம் மாற்றிவிட்டது. ஆண் பெண் என்று பாராமல் வயதில் மூத்தவருக்குத்தான். உனக்கு மூத்தவள் அக்கா. இதில் முகம் கோணாதே.

வளவு உறுதி 2006இல் வாகரைக்கு ஓடினபோது தொலைந்துவிட்டது என்று அம்மா கவலைப்படுகிறா. திருகோணமலை காணிப் பதிவகத்தில் தேடி நகல் எடுக்கலாம். அம்மம்மாவின் முழுப்பெயரும் உறுதி எழுதின காலமும் தெரிந்தால் தேடுவது சுகம். வீட்டுத்திட்டக் கடதாசிகளையும் ஒருக்காப் பார். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கட்டின வீடுகளில் குடும்பத் தலைவர் என்று ஆம்பிளையின் பெயரைப் போட்டு, பெண்வழி வந்த வளவையே பல இடங்களில் குழப்பிவிட்டார்கள்.

இன்னொன்று. பின்பக்கம் அம்மாவுக்குத் தகரப் பத்தி இறக்கலாம் என்கிறாய். வேண்டாம். மார்கழியில் ஆறு பெருகினால் தண்ணீர் முதலில் ஏறுவது அந்தப் பள்ளத்தில்தான். கக்கூசுக்கும் அங்கிருந்து இரவில் தூரம், அவவுக்கு முழங்காலும் சரியில்லை. முன் அறையை அம்மாவுக்கு விட்டுவிட்டுப் புது அறையைத் தங்கச்சிக்குப் பின்னால் அத்திவாரம் உயர்த்திக் கட்டு. காசு கொஞ்சம் கூடும்.

உன் லீவுத் திகதியை எழுது. ஆவணியில் கோயில் திருவிழாவுக்குள் அம்மா எந்தக் கையெழுத்தும் வைக்கமாட்டா, அது உனக்குத் தெரியும். ஆகவே அதற்கு முன்னாலோ, தீர்த்தம் முடிந்த கிழமையிலோ நொத்தாரிசிடம் நாள் கேட்கிறேன். அக்காவும் தங்கச்சியும் கூட வரட்டும். உறுதியை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லி, அம்மா கேட்டபிறகு கையெழுத்து.

இப்படிக்கு
உன் மாமா