ரீஸ்டார்ட் செய்தால் திரும்பி வரும் 127.0.0.53

கேள்வி: சென்னையிலிருந்து மாற்றலாகித் துவாரகா செக்டர் 6-க்குக் குடிவந்தோம். எங்கள் டெஸ்க்டாப்பில் உபுண்டு. இங்கே புது பிராட்பேண்ட் போட்டதிலிருந்து அதில் எந்தத் தளமும் திறப்பதில்லை. அதே ரவுட்டரில் ஃபோன்கள் நன்றாக வேலை செய்கின்றன. 8.8.8.8-க்கு பிங்கும் போகிறது. ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து, 127.0.0.53-ஐ அழித்து 8.8.8.8 என்று போட்டேன், எல்லாம் திறந்தது. மறுநாள் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பழையபடி அதே 127.0.0.53! சென்னையில் இணைப்பு கொடுக்க வந்தவர் செட்டிங்ஸில் ஏதோ இரண்டு எண்களைப் போட்டார். வேறெதையும் நாங்கள் தொடவில்லை.

— வாசகி, துவாரகா, புது தில்லி

பதில்: பிங் போட்டுப் பார்த்தது ரொம்ப நல்லது. எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் லைனிலும் ரவுட்டரிலும் குறையில்லை. பெயரை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ்-இல்தான் கோளாறு.

ஆனால் 127.0.0.53 மேல் பழி போடாதீர்கள். அது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவையின் முகவரி. பிரவுசர் கேட்பதை வாங்கி வெளியே உள்ள டிஎன்எஸ் சர்வருக்கு அனுப்புவதும், வந்த பதிலைக் கொஞ்ச நேரம் சேமித்து வைப்பதும் அதன் வேலை. நீங்கள் திருத்தியது வெறும் லிங்க். உண்மையான கோப்பு மெமரியில் இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்தால் போய்விடும், ஆன் செய்ததும் புதிதாக எழுதப்படும். அதனால்தான் உங்கள் திருத்தம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

கோளாறு சென்னையில் செட்டிங்ஸில் போட்ட அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. அவை சென்னை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களாகத்தான் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட சர்வர்கள் பெரும்பாலும் சொந்த வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பதில் தரும். அதற்குக் காரணம் உண்டு: 2013-இல் ஸ்பாம்ஹாஸ் என்ற ஸ்பேம் எதிர்ப்பு அமைப்பின் மீது நடந்த பெரும் தாக்குதலில், யார் கேட்டாலும் பதில் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களைத்தான் ஆயுதமாக்கினார்கள். நீங்கள் இப்போது வேறு நிறுவனத்தின் இணைப்பில் இருந்து கேட்கிறீர்கள், கதவு திறக்காது. ஃபோன்கள் ரவுட்டர் தரும் டிஎன்எஸ்-ஐ எடுத்துக்கொள்வதால் தப்பித்தன.

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் இணைப்புக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தை அழுத்துங்கள். ஐபிவி4 பக்கத்தில் டிஎன்எஸ் என்ற இடத்தில் பழைய எண்கள் இருக்கும். அவற்றை அழித்து, 'ஆட்டோமேட்டிக்' பொத்தானை ஆன் செய்து, அப்ளை கொடுங்கள். ஐபிவி6 பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பிறகு இணைப்பை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும்.

டெர்மினலில் ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்தால் இப்போது எந்த சர்வரிடம் கேட்கிறது என்று காட்டும். பெரும்பாலும் 192.168.1.1 போல ரவுட்டரின் எண் வரும். புது நிறுவனத்தின் டிஎன்எஸ் மந்தமாக இருந்தால், கூகுள் 2009-இல் தொடங்கிய 8.8.8.8-ஐயோ, கிளவுட்ஃபிளேர் 2018-இல் தொடங்கிய 1.1.1.1-ஐயோ செட்டிங்ஸில் அதே டிஎன்எஸ் கட்டத்தில் போடுங்கள், கோப்பில் அல்ல.

லிங்க்கை நீக்கிவிட்டு, சொந்தமாக ஒரு கோப்பு வைத்துப் பூட்டிவிடும்படி சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். நாளை அலுவலக விபிஎன் போட்டால் உள் தளங்களின் பெயர்கள் திறக்காமல் போகும்.