ஜெனீவாவின் கடிதம் எப்போது கைகொடுக்கும்?

கேள்வி: ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூன் மாதம் பாதாளச் சாக்கடையிலிருந்து கழிப்பறைக்குள் புகுந்த விஷவாயுவால் மூவர் இறந்தனர். இத்தகைய நிகழ்வுகளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விவரம் கேட்பவரோ, பாதிக்கப்பட்டவர்களைத் திரட்டுபவரோ மிரட்டப்பட்டால் அவரைக் காக்கச் சர்வதேச ஏற்பாடு ஏதேனும் உண்டா? உண்டென்றால், அது வெறும் கடிதப் போக்குவரத்துதானா?
— ஒரு வாசகர், ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

பதில்: மனித உரிமைக் காப்பாளர் என்றால் பெரிய அமைப்புகளின் தலைவர்களும் பெயர்பெற்ற வழக்கறிஞர்களும்தான் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், ஐ.நா. பொதுச்சபை 1998 டிசம்பர் 9 அன்று ஏற்றுக்கொண்ட பிரகடனம் பதவியையோ பட்டத்தையோ பாராமல் செயலைப் பார்த்தே பாதுகாப்புத் தருவதால், சாக்கடைப் பணியின் ஒப்பந்த விவரத்தைக் கேட்டு மனுப்போடும் குடும்பத்தலைவியும் அமைதி வழியில் நிற்கும்வரை அதன் வரம்புக்குள் வருகிறார். பிரகடனம் என்பது நாடுகள் கையெழுத்திட்டுத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஒப்பந்தம் அன்று. மீறினால் தண்டனை கிடையாது. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டவே 2000ஆம் ஆண்டில் தனிப் பொறுப்பு ஒன்று உருவாக்கப்பட்டு, பாகிஸ்தான் வழக்கறிஞர் ஹினா ஜிலானி முதலில் அமர்த்தப்பட்டார். இன்று ‘சிறப்பு அறிக்கையாளர்’ எனப்படும் இப்பொறுப்பில் இருப்பவர் ஐ.நா.விடம் சம்பளம் வாங்காத சுயேச்சையான வல்லுநர். எந்த நாட்டு அரசுக்கும் நேரடியாக எழுதி விளக்கம் கேட்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இவ்வழியே இந்தியருக்கு முக்கியமாவதற்குக் காரணம் உண்டு. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 1979இல் ஏற்றது. ஆனால் தனிமனிதர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் அதன் விருப்ப நெறிமுறையை ஏற்கவில்லை. (இலங்கை 1997இல் ஏற்றது, ஆயினும் தமிழ்க் கைதி சிங்கராசாவின் வழக்கில் 2006இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பே அரசமைப்புக்கு முரண் என்றுவிட்டதால், கதவு இருந்தும் பூட்டப்பட்ட நிலைதான்.) சிறப்பு அறிக்கையாளரிடம் செல்வதற்கோ நாடு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டிருக்க வேண்டியதில்லை, உள்நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் முதலில் முடித்துவர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆபத்து நடந்துகொண்டிருந்தால் அல்லது நெருங்கிவந்தால் அவர் அரசுக்கு ‘அவசர முறையீடு’ அனுப்புவார். நடந்து முடிந்ததைப் பற்றியதாயின் ‘குற்றச்சாட்டுக் கடிதம்’ எழுதுவார். அக்கடிதமும் அரசின் பதிலும் பொதுவாக 60 நாள்களுக்குப் பின் யாவரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன.

கடிதம் எப்போது பலிக்கிறது என்பதற்கு இலங்கையின் வடக்கில் 2014 மார்ச்சில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் அரிது. போரின் முடிவில் காணாமல்போன மகனைத் தேடிப் போராட்டங்களில் முன்னணியில் நின்ற பாலேந்திரன் ஜெயக்குமாரி அம்மாதம் 13ஆம் தேதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். அதைப் பற்றி விசாரிக்கச் சென்ற மனித உரிமைச் செயற்பாட்டாளர் ருக்கி பெர்னாண்டோவும் அருட்தந்தை பிரவீன் மகேசனும் 16ஆம் தேதி கிளிநொச்சியில் பிடிக்கப்பட்டனர். அப்போது ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடியிருந்தது. இலங்கையைப் பற்றிய தீர்மானம் வாக்கெடுப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்கு நடுவே இருவரும் இரண்டு நாளில் குற்றச்சாட்டு ஏதுமின்றி விடுவிக்கப்பட்டனர். ஆனாலும் பயணத்துக்கும் பேச்சுக்கும் நீதிமன்றத் தடைகள் பின்தொடர்ந்தன. ஜெயக்குமாரியோ ஏறத்தாழ ஓராண்டு சிறையிலிருந்து, ஆட்சி மாறிய பிறகு 2015 மார்ச்சில்தான் பிணையில் வெளிவந்தார். சட்டம் ஒன்று, மாவட்டம் ஒன்று, வாரமும் ஏறக்குறைய ஒன்றே. தூதரகங்களுக்குத் தெரிந்த பெயர்கள் விரைவாக மீண்டன, தெரியாத பெயர் அப்படி மீளவில்லை. சர்வதேச ஏற்பாடுகளைப் போற்றி எழுதுவோர் பெரும்பாலும் தொடாமல் விடும் பகுதி இதுதான்.

நேரம் தவறினால் என்னவாகும் என்பதற்குத் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமியின் முடிவு சான்று. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகவும் விசாரணைக் கைதிகளாகவே அடைபட்டுக்கிடந்த இளைஞர்களுக்காகவும் உழைத்த அவர், 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், நடுக்குவாத நோயுடன் இருந்த நிலையில், பீமா கோரேகாவ் வழக்கில் ‘ஊபா’ எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைதானார். அன்றைய ஐ.நா. மனித உரிமை ஆணையர் மிஷேல் பேச்லெட் அதே மாதமே பெயர் குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தும் பிணை கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில், காவலில் இருந்தபடியே இறந்தார். அவரைச் சிறைவைத்தது சட்டத்துக்குப் புறம்பான, தன்னிச்சையான செயல் என்று அத்தகைய காவல்களை ஆராயும் ஐ.நா. பணிக்குழு தன் 57/2021ஆம் எண் கருத்துரையில் முடிவு சொன்னபோது விடுவிக்க ஆள் இல்லை. வரலாற்றுக்கும் பிற்கால வழக்குகளுக்கும் அந்த ஆவணத்தால் பயனுண்டு. பாதுகாப்பு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

ஆகவே கைதுக்குப் பின் முதல் சில மணி நேரமே தீர்மானிக்கும் நேரம் என்பதை உணர்ந்து, முறையீட்டுக்கு வேண்டியவற்றை மிரட்டல் தொடங்கும்போதே திரட்டி வைப்பது தக்கது. பாதிக்கப்பட்டவரின் முழுப்பெயர், நடந்த நாளும் இடமும், மிரட்டியவர் யாரென்ற தகவல், முன்பு கொடுத்த புகார்களின் நகல், அவர் செய்துவந்த பணிக்கும் மிரட்டலுக்கும் உள்ள தொடர்பு ஆகியவை வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய சம்மதம் வேண்டும். பெயரில்லாக் கடிதங்களும், நாளிதழ்ச் செய்தியை மட்டுமே நம்பிய மனுக்களும், வசைமொழி கலந்தவையும் ஏற்கப்படுவதில்லை.

கேள்வி: இங்கேயே மனித உரிமை ஆணையம் இருக்கும்போது வெளியே போவது எதற்கு?

பதில்: வெளியே போவதும் உள்ளே போவதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற அரசமைப்பின் 22ஆம் பிரிவும், கைது நடைமுறைக்கு 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளும், சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கக்கூடிய ஆட்கொணர்வு மனுவும் ஜெனீவாவின் எந்தக் கடிதத்தையும்விட உடனடியானவை. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தேசிய மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணமின்றி மனு அனுப்பலாம். நிகழ்வு நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் அது விசாரிக்க இயலாது. காப்பாளர்களுக்கெனத் தனித் தொடர்பு அலுவலரும் அங்கு உண்டு.

ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது ஒரு குறை. அதன் விசாரணைப் பிரிவே காவல்துறை அதிகாரிகளைக் கொண்டிருப்பது பெரிய குறை. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் பேரணியின்மீதும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூடுகளில் 13 பேர் உயிரிழந்தபோது தானே முன்வந்து வழக்கை எடுத்த ஆணையம், அதே ஆண்டு அக்டோபரில் அதை முடித்துவைத்தது. முடித்ததை ஏற்காமல் மதுரை மக்கள் கண்காணிப்பகத்தின் வழக்கறிஞர் ஹென்றி திபேன் உயர் நீதிமன்றம் சென்றார். வெளிநாட்டு நிதி பெறும் அனுமதியை அவருடைய அமைப்புக்குப் புதுப்பிக்க 2016இல் மறுக்கப்பட்டிருந்தது, ஐ.நா.வுடன் ஒத்துழைப்போர்மீதான பழிவாங்கல்களைத் தொகுக்கும் பொதுச்செயலாளரின் ஆண்டறிக்கையில் அவர் பெயர் இடம்பெற்ற பின்னும் அந்நிலை மாறவில்லை. பிறரைக் காக்க எழுதிவந்தவருக்காகவே பிறர் எழுத வேண்டியிருந்தது.

கேள்வி: புதுச்சேரியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருப்பதால் தனிப்பயன் ஏதும் உண்டா?

பதில்: இந்த ஊர் ஒருகாலத்தில் தானே ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக இருந்தது. 1908இல் பிரிட்டிஷ் ஆட்சியின் கைதைத் தவிர்க்க இங்கு வந்த பாரதியார் பத்தாண்டுகள் ஒற்றர்களின் கண்காணிப்பில் வாழ்ந்தாலும் கைதாகவில்லை. 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைக் கடந்ததும் கடலூர் அருகே பிடிக்கப்பட்டார். இன்று ‘தற்காலிக இடமாற்றம்’ என்று காப்பாளர் அமைப்புகள் சொல்லும் ஏற்பாட்டின் பழைய வடிவம் அது. அந்த எல்லை இப்போது இல்லை. துணைத் தூதரகத்தின் வாயிற்படி புகலிடமும் அன்று.

இருப்பது வேறொன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் வகுத்த காப்பாளர் வழிகாட்டு நெறிகள், உறுப்பு நாடுகளின் தூதரகங்கள் காப்பாளர்களைச் சந்திக்கவும், சிறையில் பார்க்கவும், அவர்கள்மீதான வழக்கு விசாரணைகளில் பார்வையாளராக அமரவும் சொல்கின்றன. பிரான்ஸ் அவற்றுக்கு உட்பட்ட நாடு. இவற்றைச் செய்யுமாறு கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. கேட்பதற்கு முன் ஒன்றை எடைபோட வேண்டும்: அந்நியத் தூதரகத்தின் கவனம் சிலருக்குக் கவசமாகிறது, சிலருக்கோ ‘வெளிநாட்டுக் கை’ என்ற பழிக்கு அதுவே சாட்சியாக்கப்படுகிறது. உள்ளூர்ச் சாக்கடைக்காகக் குரல்கொடுப்பவருக்கு இரண்டாவது நேர வாய்ப்பு அதிகமென்பதால், அவர் வேண்டாம் என்றால் நண்பர்களோ அமைப்புகளோ அவர் பெயரில் அந்தக் கதவைத் தட்டக் கூடாது.