ஏரி வேலைக்கு வரும் இளம் பொறியாளருக்கு

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய்கள் சுமார் 39,000. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்டவை அரசுத் துறையின் பொறுப்பு. சிறியவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. பதிவேட்டில் பெயர் யாருடையதானாலும் தண்ணீரைப் பங்கிடுவது ஊர்தான். ஆகவே கரையை அளக்கும் முன் அந்தப் பங்கீட்டைப் புரிந்துகொள்வது பொறியாளருக்கு முதல் வேலை.

அதைச் சொல்லக்கூடியவர் நீர்க்கட்டி. மடை திறப்பதும், வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுவதும், அடைமழை இரவில் கரையில் கசிவு பார்ப்பதும் அவர் வேலை. கூலி, அறுவடைக் களத்தில் அளந்துகொடுக்கும் நெல். எந்தத் தூம்பு தூர்ந்திருக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது எட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பல ஊர்களில் அவர் பட்டியல் சாதிக்காரர், நிலமற்றவர். நிலம் உள்ளவர்கள் கூடும் பாசன சங்கத்தில் அவர் குரல் கேட்பதில்லை. பொறியாளர்தான் அவரைத் தேடிப் போய், கரை நெடுகக் கூடவே நடக்க வேண்டும்.

உபரிநீர் வழியும் கலங்கலைப் பழுதுபார்க்கையில் அரை அடி உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்கும் என்று கணக்கு சொல்லும். ஆனால் உள்வாயை ஒட்டிய வயல்கள் முழுகும். அடுத்த ஏரிக்குப் போகும் உபரிநீர் குறையும். மேலூர், கீழூர் இரண்டையும் உட்காரவைத்துப் பேசாமல் அந்த அரை அடியைத் தொடக்கூடாது.

ஊர் நிர்வாகத்துக்குச் சான்றாக உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்து அந்த விதிகளின்படி ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் 6 பேர் தேர்வானார்கள். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர் உறவினரும் நிற்க முடியாது. இது இன்றைக்கும் வேண்டிய கண்டிப்பு. ஆனால் நிலமும் சொந்த மனையும் இல்லாதவருக்கு அங்கே இடமில்லை. பெருமை பேசுவோர் இதை விட்டுவிடுகிறார்கள். 1858ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டமோ, மராமத்துக்கு ஆட்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தையே கொடுத்தது. ஊராரே சேர்ந்து ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்து 2017இல் அரசுத் திட்டமாகத் திரும்பவந்தபோது செலவில் விவசாயிகளின் பங்கு 10 விழுக்காடு என்றானது. உழைப்பையும் பணத்தையும் கேட்டுவிட்டு முடிவை அலுவலகமே எடுத்தால் அது பங்கேற்பு ஆகாது.

மதிப்பீட்டைக் கிராம சபையில் எளிய தமிழில் வாசிக்க வேண்டும். எத்தனை கன மீட்டர் வண்டல், அதை யார் வயலுக்கு எடுப்பது, எந்த மடைக்குப் புதுக் கதவு என்பது வரை எல்லோருக்கும் தெரியட்டும். வேலை முடிந்ததும் ஊரார் முன்னிலையில் அளந்த பிறகே பட்டியல் போட வேண்டும். அடுத்த ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். மீன்பாசிக் குத்தகையிலும் கரை மர ஏலத்திலும் எவ்வளவு ஏரிக்கே திரும்பும், நீர்க்கட்டியின் கூலிக்கு எவ்வளவு போகும் என்பதை மண்வெட்டி இறங்கும் முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லது.